மூடுபனிக்குப் பதவி தெரியாது!

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு வான்வழியே அரைமணி நேரம்கூட ஆகாது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் முற்பகல் 11.48க்கு எழும்பிய ஹெலிகாப்டர், 12.15க்கு அங்கே இறங்கியிருக்க வேண்டும். 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. பேரோசை கேட்டு நஞ்சப்பசத்திரத்து மக்கள் ஓடினார்கள். மரங்களுக்கிடையே நெருப்பு! கையில் தண்ணீரும் போர்வையுமாக ஓடினார்கள் அந்த ஏழை எளியவர்கள்.

உள்ளே இருந்தவர்கள் 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் துணைவியார் மதுலிகாவும் அவர்களில் இருந்தனர். 13 பேர் அன்றே மாண்டனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒருவர்தான் உயிரோடு போராடினார். அவரும் டிசம்பர் 15 அன்று மறைந்தார்.

கோவைத் தேநீர்க் கடைகளில் அன்று பலரும் சொன்னது ஒன்றே: "எல்லாம் விதிங்க!"

விதி! எவ்வளவு வசதியான சொல்! அதைச் சொல்லிவிட்டால் மேலும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? ஆனால் தோழர்களே, அதே சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. சாலைவிதி, ஆலைவிதி, சட்டவிதி என்கிறோமே, அந்த விதி! தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் விதியை எவரும் படித்ததில்லை. தாளில் எழுதிய விதியையோ படிக்கலாம், காக்கலாம், காக்கச் சொல்லிக் கேட்கலாம். நாம் பேச விரும்புவது அந்த இரண்டாவது விதியைப் பற்றித்தான்.

ஹெலிகாப்டரைப் பெரும்பாலும் கண்ணால் தரையைப் பார்த்தே ஓட்டுகிறார்கள். பயணிகளுக்கான பறப்பில் உலகெங்கும் பொதுவான விதி: தாழப் பறக்கும்போது மேகத்துக்கு வெளியே இருக்க வேண்டும், தரை கண்ணில் பட வேண்டும், 5 கிலோமீட்டர் வரை பார்வை எட்ட வேண்டும். வேகத்தைக் குறைத்துச் செல்லும் ஹெலிகாப்டருக்கு 1,500 மீட்டருக்கும் குறைந்த பார்வையில்கூடச் சலுகை தரலாம். ஆனால் மேகத்துக்குள் நுழைய அந்தச் சலுகையிலும் இடமில்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? நம் காதுக்குள் இருக்கும் ஒரு நீர்மம்தான் உடலின் சாய்வை மூளைக்குச் சொல்கிறது. கண்ணுக்குத் தரை தெரியாதபோது அது பொய் சொல்லும். சாய்ந்து பறப்பவருக்கு நேராகப் பறப்பதாகத் தோன்றும்; இறங்குகிறவருக்கு ஏறுவதாகத் தோன்றும். ஆண்டுக்கணக்கான அனுபவமும் அந்த மயக்கத்தைத் தடுக்காது.

நம் நீலகிரியின் இயல்போ நாம் அறிந்ததே. சூலூர் 400 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில். வெலிங்டன் ஏறத்தாழ 1,800 மீட்டரில். வடகிழக்குப் பருவத்தின் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும், ஏற ஏறக் குளிரும், மேகமாகும். கீழே வெயில் காயும், மேலே கைகூடத் தெரியாது! முப்படை விசாரணை மன்றம் 2022 ஜனவரியில் சொன்னதும் அதுவே: பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது; ஹெலிகாப்டர் மேகத்தில் நுழைந்தது; விமானிக்குத் திசை மயங்கியது. சதியில்லை, இயந்திரக் கோளாறில்லை, அலட்சியமும் இல்லை என்றது அம்மன்றம். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையோ "மனிதத் தவறு" என்று பதிந்தது.

இது குன்னூரோடு முடிந்த கதையா? 2009 செப்டம்பர் 2. ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி, சித்தூர் மாவட்டத்து நிகழ்ச்சிக்குப் புறப்பட்டார். கொடும் மழைமேகம். நல்லமலைக் காட்டில் ஐவரும் மாண்டனர். 2020 ஜனவரி 26. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், தம் மகள் ஆட இருந்த போட்டிக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார், பனிமூட்டம் என்று தங்கள் ஹெலிகாப்டர்களைத் தரையிலேயே நிறுத்தியிருந்த காலை அது! ஒன்பது பேரும் மலைச்சரிவில் மாண்டனர்.

பயணி அவசரப்படுத்தினாரா என்று ஆராய்ந்தது அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். இல்லை! விமானி தாமே தம்மீது ஏற்றிக்கொண்ட நெருக்கடி என்றது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பெரிய மனிதர் பின்னால் அமர்ந்திருக்கிறார். போட்டி தொடங்கப் போகிறது. "திரும்பிவிடுவோம் ஐயா" என்று சொல்ல நா எழுமா? அதிகாரம் வாய் திறக்காமலேயே ஆணையிடும், புகழும் அப்படித்தான்!

விமானி யார்? சீருடை வெள்ளையாயினும் அவரும் ஓர் உழைப்பாளி. மில்லில் பாய்லர் பார்க்கும் தோழருக்கு அழுத்தமானியின் சிவப்புக் கோடு எப்படியோ, விமானிக்கு மேகம் அப்படி. முதலாளியே வந்து நின்றாலும் கோட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் கோட்டைக் காத்தவனுக்கு வேலை போகுமென்றால், கோடு வெறும் சாயம்தானே! "முடியாது" என்று சொன்னவருக்குத் தீங்கு நேராது என்ற உறுதி இருந்தால்தான் விதி உயிரோடிருக்கும். தவறு நடந்த பின் விமானியின் பெயரைப் பதிவது எளிது. நடக்குமுன் அவர் சொல்லைக் கேட்பதே கடமை.

மேட்டுப்பாளையத்து மலை ரயிலைப் பாருங்கள். பாதையில் மண் சரிந்தால் வண்டி நிற்கிறது. பயணிகள் முணுமுணுக்கிறார்கள்; ஆனால் "பரவாயில்லை, ஓட்டு" என்று எவரும் சொல்வதில்லை. அதே அறிவு வானத்துக்கும் வேண்டும். மலைக்குப் போகும் பெரியவர்களுக்குச் சாலையில் ஒரு காரும், நிகழ்ச்சி நிரலில் மூன்று மணி நேர இடைவெளியும் ஆயத்தமாக இருக்கட்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. மைதானத்தில் கொடியோடு காத்திருப்பவர்கள் நாம்தானே! தலைவர் வரவில்லையே என்று நாம் எழுப்பும் கூச்சலும் விமானியின் காதுக்குப் போய்ச் சேரும். இனி ஒருநாள் ஒலிபெருக்கியில், "வானிலை சரியில்லை, தலைவர் கார் வழியே வருகிறார், தாமதமாகும்" என்று அறிவித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். கைதட்டுங்கள்! எங்கோ ஓர் உழைப்பாளி துணிந்து "முடியாது" என்றிருக்கிறார். எவரோ ஒரு பெரியவர் அதைக் கேட்டிருக்கிறார்.

தாமதமாக வரும் தலைவருக்கு மாலை போடலாம். வராமலே போனவருக்கு மலர்வளையம்தான் வைக்க முடியும்!