உங்களுக்குத் தெரியுமா? ஜெயித்த குதிரைக்குக் கூடுதல் பாரம்!

'ஹேண்டிகேப்' குதிரைப் பந்தயங்களில் நன்றாக ஓடுகிற குதிரைக்கு அடுத்த முறை முதுகில் எடை கூடும். முந்தைய ஓட்டங்களைப் பார்த்து, எது எவ்வளவு சுமக்க வேண்டும் என்று அதிகாரி ஒருவர் முடிவு செய்வார். ஜாக்கியும் சேணமும் சேர்ந்தும் எடை குறைந்தால், ஈயத் தகடுகளைச் செருகி ஈடுகட்டுவார்கள்.

1930இல் மெல்போர்ன் கோப்பையைச் சுமார் 62.5 கிலோவோடு வென்றது ஃபார் லாப் என்ற குதிரை. மறு ஆண்டு ஏற்றியது 68 கிலோ. எட்டாவதாகத்தான் வர முடிந்தது. அன்று ஜெயித்த ஒயிட் நோஸ் சுமந்ததோ வெறும் 43.5 கிலோ! கொஞ்சம் அநியாயம்தான்.

1960களில் அயர்லாந்துக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஆர்க்கிள் என்ற குதிரை ஓடினால் ஓர் எடைப் பட்டியல், ஓடாவிட்டால் வேறொன்று என்று விதியையே மாற்றிவிட்டார்கள்.