பழைய பெட்ரோல் எஸ்யூவியும் பின்னால் ஒரு டிரெய்லரும்

தாம்பரம், முடிச்சூர், வண்டலூர் பக்கம் குடியிருந்துகொண்டு, உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் நிறைய பேர். வார நாளில் ஸ்டேஷன் வரைக்கும் அல்லது ஸ்கூல் வரைக்கும் ஓடுகிற அதே வண்டி, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மண் ரோட்டிலும் போகணும். முடிந்தால் ஒரு சின்ன டிரெய்லரையும் இழுக்கணும். புதுசு வாங்க பட்ஜெட் இல்லை, அதனால் செகண்ட் ஹேண்ட். இந்தத் தேவைக்கு எந்த வண்டி சரி என்று சில வாரம் தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை.

ஏன் டீசல் இல்லை? பிஎஸ்6 டீசல் வண்டிகளின் சைலன்ஸர் பாதையில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கும், டிபிஎஃப் என்பார்கள். அது சூடேறி கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நிற்காத, நீளமான ஓட்டம் வேண்டும். வாரத்தில் ஆறு நாள் பெருங்களத்தூர் டிராஃபிக்கில் நாலு கிலோமீட்டர் ஊர்கிற வண்டிக்கு அது கிடைக்காது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசலே வாங்கட்டும். நம்ம மாதிரி ஆட்களுக்குப் பெட்ரோல் போதும்.

அடுத்து எல்லோரும் நேராக மாடல் பேருக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னாடி ஒரு பேப்பரில் எழுத வேண்டியது, என்ன இழுக்கப் போகிறோம், அதன் எடை என்ன என்பதுதான். 500 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ. டிரெய்லர் 200 கிலோ என்று வைத்தால் மொத்தம் 700. இரண்டு புல்லட் ஏற்றினால், ஒன்று சுமார் 195 கிலோ, டிரெய்லரோடு 590. ஒரு பவர் வீடரும் நாலு மூட்டை எருவும் என்றால் 500-க்குள் அடங்கிவிடும். 'லைட்டா இழுக்கணும்' என்று நாம் சொல்வதெல்லாம் அரை டன்னைத் தாண்டுகிற சமாசாரம்.

இப்போது ஜிம்னியைப் பாருங்கள். வெளிநாடுகளில் சுஸுகி இதற்கு இழுவை வரம்பு கொடுத்திருக்கிறது: டிரெய்லரில் தனி பிரேக் இருந்தால் 1,300 கிலோ, இல்லாவிட்டால் 350. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொது வரம்பு 750 கிலோ அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. ஜிம்னி சுமார் 1,200 கிலோ. பாதி என்றால் 600 வரவேண்டும், கம்பெனியே 350-இல் நிறுத்திவிட்டது. ஒரே வண்டி, ஒரே இன்ஜின், ஆனால் 350-க்கும் 1,300-க்கும் இடையில் இவ்வளவு தூரம். எவ்வளவு இழுக்கலாம் என்பதை இன்ஜினைவிட பிரேக்தான் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்ம ஊர் ரோட்டில் இது இன்னும் முக்கியம். வாலாஜாபாத் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பெயின்ட் அடிக்காத வேகத்தடை திடீரென்று முளைக்கும், இல்லையென்றால் மாடு குறுக்கே வரும். பிரேக்கை மிதித்தால் முன்னால் வண்டி நிற்கிறது, பின்னால் 600 கிலோ நிற்க மறுத்து பம்பரைத் தள்ளுகிறது. கொஞ்சம் வளைவில் இருந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி வண்டியின் பின்புறத்தையே திருப்பிவிடும். ஆகவே டிரெய்லர் செய்யச் சொல்லும்போதே ஓவர்ரன் பிரேக் வைத்து வாங்குங்கள். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லரின் சொந்த உந்தலே அதன் பிரேக்கை அழுத்துகிற எளிய ஏற்பாடு அது. சுமையையும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற மாதிரி ஏற்றணும். டிரெய்லர் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார்ந்தால் சரி. பின்பாரம் ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே வால் ஆட ஆரம்பிக்கும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் தனிப் பதிவு வேண்டும். வெல்டிங் ஷாப்பில் செய்து, நம்பர் இல்லாமல் ரோட்டில் இழுத்துப் போனால் போலீஸ் பிடிப்பது சின்ன விஷயம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைவிரிக்க நல்ல காரணம் கிடைத்துவிடும், அதுதான் பெரிய விஷயம். வண்டியில் கொக்கி பொருத்துவதும் ஆர்.சி.யில் உள்ள அமைப்பை மாற்றுவதாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதால், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நம் ஊரில் விற்கிற பல கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதியிருக்கும். வாங்கப்போகிற வண்டியின் கையேட்டை ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

சரி, வண்டிகள். கிளம்பும்போது சுமையை அசைப்பதற்கு, குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க் வேண்டும். 2020-இல் வந்த தார் பெட்ரோல், 2 லிட்டர் டர்போ, மேனுவலில் 300 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,250 ஆர்பிஎம்மிலிருந்தே. ஜிம்னியின் 1.5 லிட்டரில் 134, அதுவும் 4,000 ஆர்பிஎம்மில்தான். பழைய ஜிப்ஸி 1.3 இன்னும் கீழே, 103. இந்த வித்தியாசத்தை க்ளட்ச்தான் சுமக்கும். டிரெய்லரை ஏரிக்கரைச் சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஜிம்னிக்கும் ஜிப்ஸிக்கும் லோ ரேஞ்ச் கியர் கைகொடுக்கும். சேற்றுக்கு மட்டும்தான் அந்த லிவர் என்று நினைத்து, வாங்கின நாளிலிருந்து தொடாமலே விற்கிறவர்கள் உண்டு. பார்க்கப் போகும்போது மண் தரையில் 4எச், 4எல் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தார் ரோட்டில் போட வேண்டாம். இந்த வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், திருப்பத்தில் இறுகும்.

பெட்ரோல் என்றதும் ஒரு பொறி இருக்கிறது. பெரிய எஸ்யூவி என்றால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைத்துவிடுவோம். 2012 முதல் 2022 வரை விற்ற டஸ்டரில் ஆல் வீல் டிரைவ் டீசலில் மட்டும்தான் வந்தது, பெட்ரோலில் கிடையாது. ஸ்கார்பியோ-என் பெட்ரோலும் பின் சக்கர இழுவைதான். தார் பெட்ரோலிலேயே 2023-க்குப் பிறகு பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வகை உண்டு. விளம்பரத்தில் இதெல்லாம் போட மாட்டார்கள், ஆர்.சி.யையும் கியர் லிவரையும் நேரில் பாருங்கள்.

கிராண்ட் விட்டாரா விஷயத்தில் பேர் குழப்பம். 2009-க்குப் பிறகு வந்த இறக்குமதி 2.4 லிட்டர் வண்டி ஒன்று, 2022-இல் வந்தது முற்றிலும் வேறொன்று. பழையதில் நிரந்தர நாலு சக்கர இழுவை, லோ ரேஞ்ச், 225 நியூட்டன் மீட்டர் எல்லாம் இருக்கிறது. இழுக்கிற வேலைக்கு இந்தப் பட்டியலில் தாருக்கு அடுத்து எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பாகம் கிடைக்கக் காத்திருக்கணும். ஹோண்டா சிஆர்-வி பழைய 2.4 ஆல் வீல் டிரைவும் நல்ல வண்டி. காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டம் போடுங்கள். பின்னாலிருந்து உறுமல் வந்தால் பின் டிஃபரென்ஷியல் ஆயிலை மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

பாகம் என்கிற கணக்கில் நம்ம ஏரியாவுக்கு ஒரு வசதி உண்டு. ஈகோஸ்போர்ட் மறைமலைநகரில் செய்த வண்டி, டஸ்டர் ஒரகடத்தில். இரண்டுமே உற்பத்தி நின்றவை, இரண்டுக்கும் இங்கே கை பழகிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்டில் மட்டும் கவனம். அதன் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுவது. 2013, 2014 வண்டிகளில் பத்து வருஷம் தாண்டியாச்சு. மாற்றின பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

நாலு சக்கர இழுவை கட்டாயமா? செங்கல்பட்டு மாவட்டத்து ரோட்டுக்கு வருஷத்தில் பத்து மாதம் தேவையே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்கரைக் களிமண் ஊறிவிட்டால் டயர் பள்ளங்களில் மண் அப்பி வழுவழு என்று ஆகிவிடும், அப்போது நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதம் டிரெய்லரோடு உள்ளே போகாமல் இருக்க முடியும் என்றால், நல்ல டயர் போட்ட முன் சக்கர டஸ்டர் 205 மில்லிமீட்டர் உயரத்தில் வேலையை முடிக்கும். டிரெய்லர் மட்டும் 400 கிலோவுக்குள் இருக்கட்டும்.

இதுவரை சொன்னதைவிட அதிகமாக உங்கள் பணத்தைச் சாப்பிடக்கூடியது தண்ணீர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டு வாசலில் நின்ற கார்கள் அப்படியே மூழ்கின. 2023 டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கமும் அதே கதை. அந்த வண்டிகளெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. நிறைய சுத்தம் செய்யப்பட்டு, சீட் கவர் மாற்றப்பட்டு, திரும்ப விற்பனைக்கு வந்தன. டிஎன்-11, டிஎன்-14, டிஎன்-22 நம்பர் பார்த்தால் ஒதுக்கிவிடு என்று சொல்லவில்லை. இங்கே பதிவான வண்டி மேட்டில் நின்றிருக்கலாம், சேலம் நம்பர் வண்டி வேளச்சேரியில் நின்றிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடி நுனியில் மண் கறைக் கோடு தெரியும். பெல்ட்டை மாற்றியிருந்தால், எல்லாம் பழசாக இருக்கும்போது இது மட்டும் ஏன் புதுசு என்று கேளுங்கள். சீட் ரெயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, ஸ்டெப்னி பள்ளத்தில் நைஸ் வண்டல், ஹெட்லைட்டுக்குள் மங்கலான நீர்மட்டக் கோடு. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நாலு சக்கர வண்டியில் இப்படிப் பார்க்க வேண்டிய பெட்டி இரண்டு கூடுதல்.

இதில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தண்ணீருக்குள் ஓட்டி, இன்ஜின் காற்றுக் குழாய் வழியே நீரை உறிஞ்சினால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளையும். லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது. டிரெய்லர் மாட்டி முழுச் சுமையில் மேடேறும் நாளில் உடைந்து பிளாக்கைத் துளைக்கலாம். சிலிண்டர் ஒவ்வொன்றாக கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரே சிலிண்டரில் மட்டும் குறைவாகக் காட்டினால் அந்த வண்டி வேண்டாம்.

பேப்பரிலும் தண்ணீர் தடம் விடும். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து வருஷம் க்ளெய்மே இல்லாதவருக்கு 50 சதவீதம் இருக்கணும். 'ஒரு கீறல் கூட இல்ல சார்' என்கிறவர் கையில் 2024 பாலிசியில் பூஜ்யம் இருந்தால், 2023 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்று நேராகக் கேட்கலாம். சர்வீஸ் ரெக்கார்டில் அந்த மாதங்களில் இன்ஜின் வேலை, ஈசியு மாற்றம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈசிஆர் ஓரம் நின்ற வண்டி என்றால் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஜிப்ஸி, ஜிம்னி, தார் மூன்றுக்கும் தனி சேஸிஸ் என்பதால் அடியில் படுத்து, டார்ச் அடித்து, கொக்கி பொருத்தப்போகும் பின் குறுக்குச் சட்டத்தை சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கணும். டங் என்று கேட்டால் சரி, பொத் என்று கேட்டால் அங்கே இரும்பு இல்லை.

வயசான பெட்ரோல் வண்டிக்கு இன்னும் இரண்டு செலவு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023-க்கு முந்தைய பெரும்பாலான வண்டிகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஜிப்ஸி, பழைய விட்டாரா, பழைய சிஆர்-வி என்றால் எரிபொருள் ஹோஸ், சீல் எல்லாம் பார்த்து மாற்றிவிடுங்கள், மைலேஜும் கொஞ்சம் குறையும். அடுத்து ஆர்.சி. 15 வருஷம் முடிந்ததும் எஃப்சி காட்டிப் புதுப்பிக்கணும், காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி.

முடிவு செய்துவிட்டால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஆர்.சி. மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும், பேரம் பேசும்போதே அதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.