ஆடுவோர் நால்வர், ஆட்டம் ஒன்று!

திருவாலங்காட்டிலே சிவனுக்கும் காளிக்கும் ஆட்டப்போட்டி நடந்ததாம். ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்பது புராணம். தோழா! இன்னோர் ஆட்டம் உண்டு. அதிலே எவரும் வெல்ல வேண்டாம். எவரும் தோற்கவும் வேண்டாம். கதிரவன், காற்று, மின்கலம், டீசல் எஞ்சின் நான்கும் முறைவைத்து ஆடும் ஆட்டம் அது. கூட்டு மின்நிலையம் என்று பெயர்.

எங்கே என்கிறாயா? கடல் கடந்து வா! யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. நாட்டின் பெருங்கம்பி எட்டாமல், டீசலை நம்பி விளக்கேற்றிய தமிழர் தீவுகள். இந்தியா தரும் 1 கோடியே 10 இலட்சம் டாலர் நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வெயிலில் 1,700 கிலோவாட், காற்றில் 530, மின்கலத்தில் 2,400 யூனிட் சேமிப்பு, துணைக்கு டீசலில் 2,500 கிலோவாட். இதுவே திட்டம்.

"வெயில் கொளுத்தும் தீவிலே டீசல் எதற்கு?" நியாயமான கேள்வி! பகலிலே வெயில் தரும்; மிச்சத்தை மின்கலம் சேர்க்கும். விளக்கேற்றும் வேளையிலே வெயில் விடைபெறும். காற்று வரலாம், வராமலும் போகலாம். மின்கலம் கைகொடுக்கும். அடைமழையில் அதுவும் சோர்ந்தால்? அப்போதுதான் எஞ்சின் எழவேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மின்சாரம் நின்றதும் கொட்டகையிலே எஞ்சின் உறுமுவதை அவன் அறிவான். தீவிலே முதலாளியாக இருந்த டீசல், இத்திட்டத்திலே கடைசிக் காவலாளி!

ஆகவே, முதலில் எண்ணவேண்டியது பலகைகளை அல்ல, இரவின் தேவையை. எத்தனை வீடு, எத்தனை விளக்கு, எத்தனை மோட்டார் என்ற கணக்கு பிழைத்தால், அத்தனையும் பிழைக்கும்.

கணக்கு சரியானால் போதுமா? பீகாரின் தர்ணை கிராமத்தைப் பார்! 2014-இல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் கோலாகலமாகத் திறந்தார்கள். பெருங்கம்பி மின்சாரம் மலிவாக வந்தது, சில ஆண்டுகளில் மின்கலம் ஓய்ந்தது, மாற்றப்படவில்லை. நிலையம் மாட்டுக்கொட்டகை ஆயிற்று!

மின்கலம் தேயும் பொருள், தோழா! அதை மாற்றும் பணத்தை முதல் மாதக் கட்டணத்திலிருந்தே ஒதுக்கவேண்டும். நிலையத்தின் சாவி ஊர் இளைஞனிடம் இருக்கவேண்டும். கலத்தின் இருப்பைப் பார்க்க, பளுவைக் குறைக்க, வேளையறிந்து எஞ்சினை எழுப்ப அவனுக்குப் பயிற்சி தரவேண்டும். உழைப்புக்கு ஊதியமும் தரவேண்டும்.

திறப்புவிழா ஒரு நாள் வேலை. விளக்கைக் காப்பதோ ஒவ்வோர் இரவின் வேலை!