ஒரே தெரு, இரண்டு வரைபடங்கள்: 'போக்கிமான் கோ' ஏன் சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இடையூறு?

கைப்பேசியை ஏந்தியபடி தெருவில் நடந்து, திரையில் தோன்றும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் விளையாட்டு 'போக்கிமான் கோ'. 2016 ஜூலையில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இது அறிமுகமானது. சில வாரங்களிலேயே உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பூங்காக்களிலும் கடைவீதிகளிலும் கடற்கரைகளிலும் திரியத் தொடங்கினர்.

அப்போது எழுந்த கருத்து வேறுபாடு இன்றும் ஓயவில்லை. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களை வெளியே நடக்கவைத்த விளையாட்டு என்று ஒரு சாரார் வரவேற்கின்றனர். வழிபாட்டுத் தலங்களிலும் நினைவிடங்களிலும் போக்குவரத்தின் நடுவிலும் மனிதரைத் தன்னிலை மறக்கச் செய்யும் விளையாட்டு என்று மற்றொரு சாரார் கண்டிக்கின்றனர்.

இரு தரப்புக்கும் சான்றுகள் உண்டு. ஆனால், பிணக்கின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. பிறர் வாழும், தொழும், உழைக்கும் இடத்தின் மீது, அவர்களைக் கேட்காமலேயே இன்னொரு வரைபடம் விரிக்கப்பட்டது என்பதே அது.

விளையாட்டு எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவின் நியாண்டிக் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு, கைப்பேசியின் ஜிபிஎஸ் மூலம் விளையாடுபவர் நிற்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. திரையில் விரியும் வரைபடம் அவரைச் சுற்றியுள்ள உண்மையான தெருக்களையே காட்டுகிறது. அந்தத் தெருக்களில் உள்ள சிலைகள், கோயில்கள், பழைய கட்டடங்கள், பூங்காக்கள் போன்றவை 'போக்கிஸ்டாப்' என்ற நிலையங்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை நெருங்கினால் விளையாட்டுக்குத் தேவையான பொருட்கள் கிடைக்கும். 'ஜிம்' எனப்படும் இடங்களில் மற்றவர்களோடு மோதலாம்.

சில நிலையங்களில் முட்டைகளும் கிடைக்கும். முட்டையின் வகைக்கு ஏற்ப 2, 5, 10 கிலோமீட்டர் போன்ற குறிப்பிட்ட தொலைவு நடந்தால்தான் அது பொரிந்து உயிரினம் வெளிவரும். உட்கார்ந்த இடத்தில் ஆடும் கணினி விளையாட்டுகளிலிருந்து இதை வேறுபடுத்தியது இந்த நடைதான்.

இடங்களைத் தேர்ந்தவர்கள் யார்?

நியாண்டிக் இதற்கு முன்பு 'இன்கிரஸ்' என்ற விளையாட்டை நடத்திவந்தது. அதில் பங்கேற்றவர்கள் தங்கள் ஊரில் குறிப்பிடத்தக்கவை என்று கருதிய இடங்களைப் படம் எடுத்து அனுப்பினர். அந்தப் பட்டியலே பின்னர் போக்கிமான் கோவுக்கு அடித்தளமானது. புதிய இடங்களைப் பரிந்துரைப்பதும் மதிப்பிடுவதும் பெரும்பாலும் விளையாடுவோரின் கையிலேயே உள்ளன.

இதனால் ஓர் இடம் பட்டியலில் சேர்ந்திருப்பது அந்த இடத்துக்கு உரியவருக்கே தெரியாமல் போகலாம். கோயில் நிர்வாகமோ பள்ளிவாசல் குழுவோ அதற்கு ஒப்புதல் அளித்திருக்க வேண்டியதில்லை.

வணிக நிறுவனங்களின் நிலை வேறு. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு போக்கிஸ்டாப்களாகவும் ஜிம்களாகவும் மாறின. இந்தியாவில் 2016 டிசம்பர் 14 அன்று ரிலையன்ஸ் ஜியோவுடன் இணைந்து விளையாட்டு முறைப்படி வெளியானபோது, ஆயிரக்கணக்கான ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகளும் அதன் பங்குதாரர் நிலையங்களும் போக்கிஸ்டாப்களாகவும் ஜிம்களாகவும் அறிவிக்கப்பட்டன. ஒப்பந்தம் செய்தவர்கள் கேட்கப்பட்டனர், மற்றவர்கள் கேட்கப்படவில்லை. வெவ்வேறு மனநிலைகளுக்கான முதல் காரணம் இந்த வேறுபாடு.

இந்தியாவில் எழுந்த எதிர்ப்பு

முறைப்படி வெளியாவதற்கு முன்பே இந்திய இளைஞர்கள் பலர் மாற்று வழிகளில் செயலியைத் தரவிறக்கி விளையாடினர். 2016 செப்டம்பரில் இந்த விவகாரம் குஜராத் உயர் நீதிமன்றத்தை எட்டியது. வழிபாட்டுத் தலங்களில் விளையாடும்போது திரையில் முட்டைகள் தோன்றுகின்றன, இது இந்து, சமண சமயத்தவரின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று பொதுநல மனு கூறியது. உயிருக்கு ஆபத்து, தனிமனித அந்தரங்கத்துக்கு ஊறு ஆகிய கவலைகளும் அதில் இடம்பெற்றன. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நியாண்டிக் நிறுவனத்துக்கும் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

இந்த மனுவை நகைத்துக் கடந்தவர்களும் உண்டு. படத்தில் உள்ள முட்டை எப்படித் தீட்டாகும் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் புலால் உணவை வளாகத்துக்குள் அனுமதிக்காத ஒரு கோயிலின் பெயரில் ஒரு நிலையத்தை அமைத்து, அங்கே பரிசாக முட்டை வழங்கும்போது, அந்தக் கோயிலின் ஒழுங்கை வடிவமைப்பாளர் அறிந்திருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. வேறொரு பண்பாட்டில் எவர் கண்ணையும் உறுத்தாத ஒரு சின்னம் இங்கே வழக்காக மாறியது.

சாலைத் தெருவில் வைத்துப் பார்த்தால்

இந்தப் பிணக்கைப் புரிந்துகொள்ள, தமிழர்கள் நன்கறிந்த ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் இந்த வீதியில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்திவருகின்றனர். இங்கேயே கடை வைத்திருந்த எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகள் வழியே சாலையைக் கண்முன் கண்ட வாசகர்கள் தமிழகமெங்கும் உண்டு.

விளையாடுபவரின் கண்ணுக்கு இத்தகைய தெரு ஒரு புதையல். பழைமையும் சிறு கோயில்களும் கட்டடங்களும் நெருக்கமாக அமைந்த இடங்களில்தான் போக்கிஸ்டாப்களுக்கு வாய்ப்பு மிகுதி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினாலே 2 கிலோமீட்டர் முட்டை பொரிந்துவிடும்.

வணிகரின் கண்ணுக்கும் இதில் ஆதாயம் தெரியலாம். நியூயார்க்கில் ஒரு பீட்சா கடை 10 டாலர் செலவிட்டு, உயிரினங்களைத் தன் பக்கம் இழுக்கும் 'லூர்' என்ற வசதியைப் பயன்படுத்தியதாகவும், அதன் விற்பனை 75 விழுக்காடு உயர்ந்ததாகவும் 2016இல் செய்தி வெளியானது. ஆனால் நின்று தேநீர் அருந்துகிறவரை வரவேற்கும் கடைக்காரரே, எதையும் வாங்காமல் வாசலை மறித்து நிற்கும் கூட்டத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்.

சுமை தூக்கும் தொழிலாளிக்கு இது வேறு கணக்கு. தலையில் மூட்டையோடு வருபவரால் சட்டென்று நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. எதிரே வருபவர் தன்னைப் பார்த்து ஒதுங்குவார் என்ற நம்பிக்கையில்தான் சந்தையின் நடையே நிகழ்கிறது. திரையில் கண் பதித்து நடப்பவர் அந்த எழுதாத உடன்பாட்டை முறிக்கிறார். சுமைத் தொழிலாளருக்கென்று 1978இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் கேரளம். அவர்களுக்குத் தெரு என்பது பணியிடம்.

சற்றே மேற்கில் பத்மநாபசுவாமி கோயில். அங்கே உள்ளே செல்ல உடை விதி உண்டு. கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அருகிலுள்ள பழவங்காடி கணபதி கோயிலோ இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ளது. ஆற்றுகால் பொங்கலை நாளில் இந்தத் தெருக்களெல்லாம் பெண்கள் பொங்கலிடும் அடுப்புகளால் நிறைந்துவிடும். முந்தைய நாள் கடைவீதியாக இருந்த இடம் அன்று வழிபாட்டுத் தலம். விளையாட்டின் வரைபடத்துக்கோ எல்லா நாளும் ஒரே நாள்.

நடையும் விபத்தும்

உடல்நலம் பற்றிய வாதத்தை ஆய்வுகள் ஓரளவு தெளிவுபடுத்தியுள்ளன. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரையிலானோர் விளையாட்டை நிறுவிய முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்தனர். ஆறாவது வாரத்தில் அந்த உயர்வு மறைந்துவிட்டது. நன்மை உண்மை, ஆனால் சராசரியில் அது குறுகிய காலமே நீடித்தது.

விபத்து பற்றிய அச்சமும் கற்பனையன்று. 2016 ஆகஸ்டில் ஜப்பானின் தோக்குஷிமாவில், விளையாடியபடியே கார் ஓட்டியவர் இரு பெண்கள் மீது மோதினார், ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தின் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்த பர்டியூ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள், போக்கிஸ்டாப்களுக்கு அருகிலுள்ள சந்திப்புகளில் விபத்துகள் கூடுதலாக உயர்ந்ததைக் கண்டறிந்தனர்.

துயரம் உறையும் இடங்கள்

கடும் கண்டனம் எழுந்தது நினைவிடங்களிலிருந்துதான். வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை அருங்காட்சியகமும், போலந்தின் ஆஷ்விட்ஸ் நினைவிடமும் தங்கள் வளாகத்தில் விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. ஹிரோஷிமா நகர நிர்வாகத்தின் வேண்டுகோளை ஏற்று, அணுகுண்டு வீசப்பட்ட ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன்பாக அமைதிப் பூங்காவிலிருந்த நிலையங்கள் அகற்றப்பட்டன.

அரசுகளின் அணுகுமுறையும் ஒன்றுபோல் இல்லை. ஈரான் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2016 ஆகஸ்டில் தடை விதித்தது. சவூதி அரேபியாவில் போக்கிமானுக்கு எதிரான 2001ஆம் ஆண்டின் சமயத் தீர்ப்பு மீண்டும் பேசப்பட்டது. காலம் மாறியது. 2025இல் நியாண்டிக் தன் விளையாட்டுப் பிரிவை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி நிறுவனத்திடம் விற்றது. அந்த ஸ்கோப்லி, சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்கு உட்பட்ட குழுமத்தைச் சேர்ந்தது.

சட்டம் எங்கே கோடு போட்டது?

அமெரிக்காவின் மில்வாக்கி மாவட்டம், பூங்காக்களில் இத்தகைய விளையாட்டுகளை நடத்த முன் அனுமதி தேவை என 2017இல் விதி கொண்டுவந்தது. கருத்துரிமைக்கு முரணாக இருக்கக்கூடும் எனக் கூறி, கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

வீட்டு உரிமையாளர்கள் தொடர்ந்த மற்றொரு வழக்கு 2019இல் உடன்பாட்டில் முடிந்தது. புகார்களுக்கு 15 நாட்களுக்குள் தீர்வு காண முயல்வதாகவும், வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் உள்ள நிலையங்களை உரிமையாளர் கோரினால் அகற்ற முயல்வதாகவும் நியாண்டிக் ஒப்புக்கொண்டது.

தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளுக்கு 40 மீட்டர் பொருந்தும். சாலை போன்ற தெருவில் அதே தூரத்துக்குள் பல கடைகளும் மாடிவீடுகளும் ஒரு கோயிலும் அடங்கிவிடும். யார் சொல்வதை உரிமையாளரின் சொல்லாகக் கொள்வது? இந்திய நகரங்களுக்கு ஏற்ற விதி இன்னொரு நாட்டின் உடன்பாட்டிலிருந்து கிடைக்காது.

தொழில்நுட்பமும் சில சிக்கல்களைத் தணித்துள்ளது. கொரோனா காலத்தில் நிலையங்களை எட்டும் தொலைவு 40 மீட்டரிலிருந்து 80 மீட்டராக உயர்த்தப்பட்டது. 2021இல் சில நாடுகளில் அதைக் குறைக்க முயன்றபோது எதிர்ப்பு எழுந்ததால் 80 மீட்டரே நிலைத்தது. ஆகவே சிறிய கோயிலையோ பள்ளிவாசலையோ நிலையமாகக் கொண்டவர் உள்ளே நுழைய வேண்டிய தேவை இல்லை. வெளியே ஓர் ஓரமாக நின்றாலே போதும்.

முன்னறிவிப்பு என்னும் வழி

ஒரே இடத்துக்கு இரண்டு பொருள் இருப்பது திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வழி, விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடக்கிறது. விமான நிலையம் 1932இல் அமைக்கப்பட்டது. ஊர்வல வழியோ அதற்கும் முந்தையது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின்போது, விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, சில மணி நேரம் ஓடுபாதை மூடப்படுகிறது. ஊர்வலம் கடந்ததும் விமானங்கள் மீண்டும் பறக்கின்றன.

அங்கே ஊர்வலமும் தடைசெய்யப்படவில்லை, விமானமும் தடைசெய்யப்படவில்லை. இடத்தைப் பயன்படுத்தும் இரு தரப்பும் ஒன்றையொன்று அறிந்திருந்ததால் நேரத்தைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. போக்கிமான் கோ போன்ற விளையாட்டுகளில் இல்லாதது அந்த அறிமுகம்தான். கோயில் நிர்வாகம், வணிகர் சங்கம், தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றுக்குத் தங்கள் இடம் வரைபடத்தில் உள்ளது என்ற தகவல் முன்னரே கிடைத்தால், வேண்டாம் என்று சொல்லும் வழியும் திருவிழா நாட்களில் நிறுத்திவைக்கும் வழியும் எளிதாக இருந்தால், எதிர்ப்பின் பெரும்பகுதி நீதிமன்றம் வரை போக வேண்டியிராது.

அதுவரை விளையாடுபவருக்கு உரிய பொறுப்பு எளியது: வண்டி ஓட்டும்போது திரையைத் தொடாதிருத்தல், தொழும் இடத்திலும் துயர நினைவிடத்திலும் கைப்பேசியைப் பைக்குள் வைத்தல், தலைச்சுமையோடு வருபவருக்கு வழிவிடுதல்.