நார்க்கழிவில் நாற்று, மண்ணில் நாற்று: தண்ணீரும் உரமும் ஒன்றல்ல

ஆடிப்பட்டத்துக்கு மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று விடும் வேலை தென்காசி வட்டாரத்தில் இரண்டு விதமாக நடைபெறுகிறது. காலங்காலமாகச் செய்துவரும் மேட்டுப்பாத்தி நாற்றங்கால் ஒன்று. தென்னை நார்க்கழிவை நிரப்பிய பிளாஸ்டிக் குழித்தட்டில் நாற்று வளர்ப்பது மற்றொன்று. வீரிய ஒட்டு விதை விலை ஏறிவிட்டதால், குழிக்கு ஒரு விதை என்று எண்ணிப் போடக்கூடிய குழித்தட்டு முறையைச் சிறு விவசாயிகள் பலரும் விரும்புகின்றனர். தட்டும் நார்க்கழிவும் வாங்கித் தாங்களே வீட்டோரத்தில் நாற்று வளர்ப்போரும் உண்டு.

அவ்வாறு வளர்ப்போரிடமிருந்து அடிக்கடி வரும் முறையீடு இது: "மண் பாத்தியில் எத்தனையோ வருஷம் நாற்று விட்டவன் நான். தட்டில் போட்டால் வெளுத்துப் போகிறது. இல்லையென்றால் கழுத்து அழுகிச் சாய்ந்துவிடுகிறது." பெரும்பாலும் விதையில் குறை இருப்பதில்லை. மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை நார்க்கழிவுக்கும் அதேபோல் ஊற்றுவதுதான் காரணம். இவை இரண்டும் தண்ணீரைப் பிடிக்கும் விதமும், பயிருக்கு உணவு கொடுக்கும் விதமும் வேறு வேறு. அதைப் புரிந்துகொண்டால் இரண்டு முறையிலும் நல்ல நாற்று எடுக்கலாம்.

மண் ஒரு களஞ்சியம்

நன்றாக எரு இட்ட மண் பாத்தியில் நாற்றுக்கு வேண்டிய உணவு முன்னதாகவே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. மண்ணிலுள்ள களித்துகளும் மக்கிய எருவும் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேர் கேட்கும்போது சிறிது சிறிதாகக் கொடுக்கின்றன. வேரும் பக்கத்திலும் ஆழத்திலும் ஓடி உணவைத் தேடிக்கொள்ளும். ஆகவே மண்ணில் நாம் ஊற்ற வேண்டியது தண்ணீர் மட்டுமே.

ஒரு ஏக்கர் நடவுக்கு ஏறக்குறைய 1 சென்ட் நாற்றங்கால் போதுமானது. 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, சதுர மீட்டருக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும் 1 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்துவிட்டால், பொதுவாக நாற்றுக் காலம் முடியும்வரை வேறு உரம் தேவைப்படாது. நாற்று கொஞ்சம் மெலிந்திருக்கிறதே என்று யூரியாவைத் தூவுவது தவறு. தழைச்சத்து மிகுந்த நாற்று தண்டு மெலிந்து நெடுநெடுவென வளரும். நோய்க்கும் எளிதில் இரையாகும்.

மண்ணில் பெரிய ஆபத்து தண்ணீர் மிகுதியே. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்தால் காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சு விட முடியாமல் தவிக்கும் அந்த நேரத்தில்தான் பித்தியம் என்ற பூஞ்சாணம் தாக்கி நாற்றழுகல் நோயை உண்டாக்குகிறது. முளைக்கும்வரை மேல்மண் காயாமல் பூவாளியால் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளைத்து இலை விட்டபின், மேல்மண் வெளுத்துக் காயத் தொடங்கிய பிறகே அடுத்த தண்ணீர். செம்மண்ணில் தண்ணீர் விரைவில் இறங்கிவிடும், கரிசலில் நிற்கும். கரிசல்காரர் இன்னும் சிக்கனமாகத் தண்ணீர் விட வேண்டும்.

நார்க்கழிவு ஒரு பஞ்சு

கதம்பையிலிருந்து நார் பிரித்தபின் மிஞ்சும் தூள்தான் நார்க்கழிவு. தன் எடையைப் போல் ஐந்து, ஆறு மடங்குக்கும் மேலாகத் தண்ணீரை உறிஞ்சி வைக்கும். அத்தனை தண்ணீர் குடித்தும் உள்ளே காற்றுக்கு இடம் இருக்கும். வேர் வெள்ளை வெளேரென்று விரைவாக ஓடுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதில் பயிருக்கு ஏற்ற உணவு மிகக் குறைவு. சாம்பல் சத்து மட்டும் தாராளமாக உண்டு; தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 112 பங்கு கரிமச்சத்து இருக்கிறது. இந்தக் கரிமச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள், நாம் நாற்றுக்குக் கொடுக்கும் தழைச்சத்தையும் முதலில் தாங்களே எடுத்துக்கொள்ளும். நாற்று வெளுப்பது இதனால்தான். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மக்க வைத்தால் இந்த விகிதம் 24 பங்காகக் குறையும். டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி காளான் வித்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு.

அளவையும் எண்ணிப் பாருங்கள். 98 குழிகள் உள்ள ஒரு தட்டை நிரப்பச் சுமார் 1.2 கிலோ நார்க்கழிவு போதும். அப்படியானால் ஒரு நாற்றின் பங்குக்கு 12 கிராம்தான்! மண் பாத்தியில் போல வேர் அடுத்த இடத்துக்குப் போய் உணவு தேட வழியில்லை. நாம் கொடுப்பதே அதற்குக் கதி. மண்ணில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் நாற்று தாங்கும். குழித்தட்டில் ஒரு வேளை தவறினாலும் வாடிவிடும்.

முதலில் உப்பைக் கழுவுங்கள்

நார்க்கழிவில் சமையல் உப்பின் இனமான உப்புகள் இருக்கும். உப்பங்கழியில் ஊறவைத்த கதம்பையாக இருந்தால் மிக அதிகம். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடியவிட்டு, இரண்டு மூன்று முறை அலச வேண்டும். வடியும் தண்ணீரின் செந்நிறம் குறைந்து தெளிந்து வரவேண்டும். கட்டியாக விலைக்கு வாங்குவோர், மின் கடத்துதிறன் 0.5-க்குக் குறைவானதா என்று கேட்டு வாங்குவது நல்லது. உப்பின் அளவைக் காட்டும் எண் அது. 5 கிலோ கட்டி ஒன்று ஊறியபின் சுமார் 70 லிட்டர் அளவுக்குப் பெருகும்.

அலசியபின்னும் ஒரு குணம் மீதி இருக்கும். நார்க்கழிவின் துகள்களில் சாம்பல் சத்தும் சோடியமும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. சுண்ணாம்புச் சத்து வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே விடும். ஆகையால் நாற்றுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் குருத்திலைகள் சுருங்கி நுனி கருகலாம். குற்றாலத்து மலையிலிருந்து வரும் சிற்றாற்றுத் தண்ணீர் போன்ற மென்னீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அத்தகைய தண்ணீரை ஊற்றுவோர் இதை அதிகம் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து வாரம் ஒரு முறை ஊற்றலாம். இதை மற்ற உரக் கரைசலுடன் ஒன்றாகக் கலக்கக் கூடாது; மணிச்சத்துடன் சேர்ந்து வண்டலாக அடியில் படிந்து வீணாகிவிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் அதைப் பரிசோதித்த பிறகே குழித்தட்டு நாற்றில் இறங்குவது நல்லது.

தட்டுக்குத் தண்ணீர் விடும் முறை

300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அசோஸ்பைரில்லம் 1 கிலோ, பாஸ்போபாக்டீரியா 1 கிலோ என்ற கணக்கில் கலந்து தட்டை நிரப்ப வேண்டும். நிரப்பும்போது ஒரு கை அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். பிழிந்தது உதிர்ந்துபோனால் ஈரம் போதாது.

விதையிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைத்தால், முளைக்கும்வரை தண்ணீரே தேவையில்லை. முளை தலைகாட்டியதும் காலதாமதமின்றிப் பிரித்து நிழல்வலைக்குள் பரப்ப வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளுத்து நீண்டுவிடும்.

அதன்பின் தினமும் பூவாளியால் தண்ணீர். ஒரே மூச்சில் நிறைய ஊற்றாமல் சிறிது சிறிதாக ஊற்றி, தட்டின் அடித்துளையில் ஓரிரு சொட்டு வடியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். வடியாமல் மேலோட்டமாகத் தெளித்தால் அடிவேர் காயும். உப்பும் உள்ளேயே தங்கும். மாறாக, ஒழுகஒழுக ஊற்றினால் கொடுத்த சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

இங்கே ஒரு ஏமாற்றம் உண்டு. நார்க்கழிவின் மேற்பரப்பு சீக்கிரம் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். மண்ணைப் பார்த்துப் பழகிய கண் அதை நம்பி மறுபடியும் ஊற்றச் சொல்லும். கண்ணை நம்பாமல் தட்டைத் தூக்கிப் பாருங்கள். காலையில் தண்ணீர் விட்டதும் ஒருமுறை தூக்கி அதன் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டால், எப்போது ஊற்ற வேண்டும் என்பதைக் கையே சொல்லிவிடும். ஒரேயடியாகக் காயவிட்டாலும் கெடுதல்தான். காய்ந்த நார்க்கழிவு குழியின் சுவரைவிட்டுச் சுருங்கி விலகும். ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும்.

உணவு: கொஞ்சமாக, சரியான நேரத்தில்

விதையிலைகள் விரியும்வரை நாற்று விதையிலுள்ள உணவிலேயே வாழ்கிறது. அப்போது உரம் கொடுப்பது வீண். முதல் உண்மை இலை வந்தபின்தான் அதற்குப் பசி எடுக்கும்.

விதைத்த 18-ஆம் நாள், 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தட்டு நனைய ஊற்றுவது பல்கலைக்கழகச் சிபாரிசு. தினமும் அருகிலிருந்து கவனிக்க முடிந்தவர்கள், இதற்குப் பதிலாக முதல் உண்மை இலை வந்ததிலிருந்து லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் இரு முறை கொடுக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் கையாள வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இலை ஓரம் கருகும். காய்ந்து கிடக்கும் தட்டில் உரக்கரைசலை ஊற்றவும் கூடாது. முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும்.

அடியிலைகள் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. இலை ஓரம் கருகினால் உப்போ உரமோ மிகுதி. ஒரு நாள் வெறும் தண்ணீரை நன்றாக வடியும்படி ஊற்ற வேண்டும். கழுத்து மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். தண்ணீரைக் குறைத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து ஊற்ற வேண்டும். விதைக்கும் முன்பே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் இந்நோயைப் பெருமளவு தடுக்கலாம். நார்க்கழிவில் நோய்க்கிருமி குறைவு என்றாலும், கழுவாத பழைய தட்டிலும் குட்டைத் தண்ணீரிலும் கிருமி வந்து சேரும்.

சாரலும் காற்றும்

நம் வட்டாரத்தில் ஒரே நாளில் இரண்டு பருவம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டை, குற்றாலம், இலஞ்சி பக்கம் சாரல் விழுந்து, வெயில் முகம் காட்டாது. அதே நாளில் கணவாய் வழியே வரும் மேல்காற்று சுரண்டை, ஆலங்குளம் பக்கம் ஈரமில்லாமல் பலமாக வீசுகிறது.

ஆகவே மேற்கே உள்ளவர்கள் தட்டின் கனம் குறையாத நாளில் தண்ணீர் விடவே வேண்டாம். சாரல் நேரே விழாதபடி நிழல்வலைக்கு மேல் பாலித்தீன் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றோட்டமாக விட வேண்டும். தண்ணீர் குறைவதால் உணவும் குறைந்துவிடக் கூடாது. தண்ணீர் விடும் நாளில் உரக்கரைசலாகவே விடுங்கள். கிழக்கே உள்ளவர்களுக்குக் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை தேவைப்படலாம். மேல்காற்று வரும் பக்கத்தில் ஓலைத் தட்டி கட்டினால் பாதி சிரமம் குறையும். எந்தப் பக்கமானாலும் பொழுது சாய்ந்தபின் தண்ணீர் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். இரவெல்லாம் நனைந்திருக்கும் இலையில் நோய் பரவும்.

நடும்போதும் வித்தியாசம்

தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். கடைசி நாலைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, வெயில் காட்டி நாற்றைக் கடினப்படுத்த வேண்டும். மண் நாற்றைப் பிடுங்கும் முன் பாத்தியை நனைத்து, வேர் அறாமல் எடுத்து மாலையில் நட வேண்டும். குழித்தட்டு நாற்றின் வேர்க்கட்டி அப்படியே வரும். ஆனால் அந்த நார்க்கழிவுக் கட்டி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டால், காற்றில் காய்ந்து நாற்றையும் வாட்டிவிடும். கட்டியின் மேல் ஒரு விரல் மண் மூடும்படி நட்டு, உடனே உயிர்த்தண்ணீர் விட்டு, வேர் மண்ணில் இறங்கும்வரை சில நாள் தண்டின் ஓரத்தில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடி முதல் வாரம் விதைத்த மிளகாய், ஆவணி நடுவில் வயலுக்கு வந்தால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேரூன்றிக் கொள்ளும். நாற்று அழிந்து மறுபடி விதைத்தால் போவது விதைக்காசு மட்டுமன்று. இடையில் மூன்று வாரம் போய்விட்டால் நடவு புரட்டாசிக்குத் தள்ளிப்போய், இளஞ்செடி ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொள்ளும். பாவூர்ச்சத்திரம் சந்தைக்கு மற்றவர் காய் வரும்போது நம் காய் வராது.

ஆதலால் முதல் முறையாகக் குழித்தட்டில் இறங்குவோர், பாதி நாற்றை மண் பாத்தியிலும் பாதியைத் தட்டிலும் விட்டுப் பார்ப்பது நல்லது. மண்ணுக்குத் தண்ணீரை மட்டும் அளந்து விடுங்கள். நார்க்கழிவுக்குத் தண்ணீரோடு உணவையும் அளந்து கொடுங்கள். சந்தேகம் இருப்பின் அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலரை அணுகி, தண்ணீர் மாதிரியையும் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டு பயனடையலாம்.