மார்க்கர் முதலில், சன்ஸ்கிரீன் அப்புறம்!

வாஷிங்டனை ஒட்டிய வட வர்ஜீனியாவில் ஜூன் கடைசி வந்துவிட்டால் போதும், சனிக்கிழமை காலையில் யாரும் படுத்துத் தூங்க முடியாது. பேட்டைக்குப் பேட்டை நீச்சல் குளம், குளத்துக்குக் குளம் பிள்ளைகளின் நீச்சல் போட்டி, அதாவது ஸ்விம் மீட்! வேலிக்கு வெளியே நின்றால் தண்ணீர் தெறிப்பது மட்டும்தான் தெரியும். வாங்க, உள்ளே போவோம். கூத்தெல்லாம் பின்னால்தான்.

முதலில் மார்க்கர் மேசை. பொடிசுகள் முன்கையை நீட்டிக்கொண்டு நிற்க, எத்தனையாவது போட்டி, எந்த லேன், என்ன நீச்சல் என்று கறுப்பு மையில் எழுதி அனுப்புகிறார்கள். சன்ஸ்கிரீன் பூசிய கையில் மை ஒட்டாது. அதனால் மார்க்கர் முதலில், சன்ஸ்கிரீன் அப்புறம். புதிதாக வருகிற அம்மாக்கள் எல்லாரும் தலைகீழாகச் செய்து, துண்டும் கையுமாக அல்லாடுவார்கள்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: சின்னதுகளின் பெஞ்சு. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் போட்டி வரிசைப்படி உட்காரவைத்து, பெஞ்சு பெஞ்சாக முன்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒன்றுக்குக் கண்ணாடி இறுக்கம், ஒன்றுக்குத் தொப்பி நழுவல். முதல் பெஞ்சுக்கு வந்த பிறகுதான் ஒருவனுக்குப் பாத்ரூம் ஞாபகம் வரும்! இதைக் கட்டி மேய்க்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. அவரும் ஒரு பெற்றோர்தான். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, இங்கே எல்லாருமே சொந்தக்காரர்கள். இலை போட ஆள் வேண்டும் என்றால் நீங்கள்தான் எழுந்திருக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கூப்பிட்டால் உடனே ஒத்துக்கொள்ளுங்கள். லேனுக்கு மூன்று பேர், மூன்று கடிகாரம். நடுவில் வருகிற நேரம்தான் கணக்கு. நனைந்து தொப்பலாவீர்கள். ஆனால், குழந்தை சுவரைத் தொடும்போது அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வேறு யாரும் பார்க்க முடியாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொடாவிட்டால் போச்சு, தகுதி நீக்கம். எட்டு வயதானால் என்ன, விதி விதிதான்.

சரி, உங்கள் பிள்ளையை எந்தக் குளத்து அணியில் சேர்ப்பது? "எந்த டீம் ஜெயிக்கும்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கேள்வியே தப்பு என்பேன். 1956-இல் தொடங்கிய இந்த வட்டார லீகில் நூறு அணிகளுக்கு மேல். பலத்தை வைத்து டிவிஷன் பிரிக்கிறார்கள். டிவிஷனுக்கு 6 அணி, ஆக 5 சனிக்கிழமை மோதல். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது: சனிக்கிழமை ஒவ்வொரு போட்டியிலும் ஓர் அணிக்கு 3 பேருக்குத்தான் இடம். மேல் டிவிஷன் அணியில் உங்கள் பிள்ளை ஏழாவதாக வந்தால், வாரநாள் நடக்கும் இரண்டாம் நிலைப் போட்டியான பி மீட்டோடு சரி. அதே பிள்ளை கீழ் டிவிஷன் அணியில் வாராவாரம் சனிக்கிழமை நீந்தும், புள்ளியும் வாங்கித் தரும். கோப்பை நிறைந்த குளத்தைவிட இடம் இருக்கிற குளம் மேல்!

வயதுப் பிரிவுக்கு ஜூன் 1 கணக்கு. மே மாதக் கடைசியில் பிறந்த பிள்ளை கோடை முழுக்கத் தன் பிரிவின் கடைக்குட்டி. ஜூன் 2-இல் பிறந்தது மூத்த பிள்ளை. பாவம், மே மாதத்துப் பிள்ளைகள்.

பேட்டைக் குளத்தில் என்ன பெரிதாகக் கற்றுவிடப் போகிறது என்று நினைக்கவும் வேண்டாம். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில், பாலிசேட்ஸ் என்ற பேட்டைக் குளத்து அணியில் 6 வயதில் சேர்ந்தவர்தான் கேட்டி லெடெக்கி. 2012-இல் லண்டனில் 15 வயதில் 800 மீட்டர் தங்கம். 2024 பாரிஸ் வரை மொத்தம் 9 ஒலிம்பிக் தங்கம்!

சேருவதற்கு முன் ஜூலையில் ஒரு மீட்டை நேரில் போய்ப் பாருங்கள். கடைசியாக நீந்தி வருகிற வாண்டுக்குப் பதினேழு வயது அண்ணன்மார் குளத்து ஓரமாக நின்று கத்துகிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? கத்துகிற குளத்தையே எடுங்கள். ஆனால் விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். நல்ல குளங்களில் உறுப்பினராகச் சேரக் காத்திருப்போர் பட்டியல் உண்டு.