தூரிகையிலிருந்து மின்பேனாவுக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியாக நாகர்கோவில் செல்லும் பெருவழியில், நகரெல்லை கடக்குமுன் நாம் காண்பது கரமனை. ஆற்றின் பெயரே ஊரின் பெயரும் ஆயிற்று. நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேரூன்றி வாழும் இடம் இது. அரசுப் பணி, ஆசிரியத் தொழில், வணிகம், சமையற்கலை ஆகியவற்றால் நம் முன்னோர் இங்கே நற்பெயர் ஈட்டினர். இன்று நம் இல்லங்களுக்குள் புதியதொரு கல்வி அடியெடுத்து வைத்திருக்கிறது. கணினித் திரையில் ஓவியம் தீட்டவும், எழுத்தும் உருவமும் அமைக்கவும் பயிற்றும் வடிவமைப்புக் கல்வியே அது.

இக்கல்வியை விரும்பும் மகனையோ மகளையோ பெற்றவர்கள் நம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். இதற்கு எவ்வளவு பணம் செலவாகும்? கணினியே படம் வரைந்து தரும் இக்காலத்தில் பிள்ளை கற்பதுதான் என்ன? இதைக் கொண்டு பிழைக்க முடியுமா? இவை அலட்சியப்படுத்தத் தக்க கேள்விகள் அல்ல. வாடகை வீட்டில் வாழ்ந்து, மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஆதலின், இக்கல்வி பயிலும் மாணவர் எதிர்கொள்வனவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பின்னர் விடை காண முற்படுவோம்.

மறைக்கப்பட்ட வித்தை

புதிய கலைக் கருவி இந்நகருக்கு வருவது இது முதன்முறை அன்று. 1848-ஆம் ஆண்டு கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, 1862-இல் தம் பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் வந்து, மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவைப் பெற்றார். அந்நாளில் எண்ணெய் வண்ண ஓவியம் இங்கே மிகச் சிலரே அறிந்த புதுமை. அரசவை ஓவியராக விளங்கிய மதுரை இராமசாமி நாயக்கர் அதனை இளைஞருக்குக் கற்பிக்க இசையவில்லை என்றும், அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் தம் தலைவர் அறியாமல் சென்று அதன் நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். 1868-இல் ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் அரண்மனைக்கு வந்தபோது, அவர் வரைவதை அருகிருந்து நோக்கும் வாய்ப்பு மட்டுமே இரவிவர்மாவுக்குக் கிட்டியது. பார்த்துப் பார்த்தே கற்றார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசும் பெற்றார்.

வண்ணத்தை எண்ணெயில் எவ்வாறு குழைப்பது, எதன்மேல் எதைப் பூசுவது என்பன அன்று காவலிட்டு வைத்த இரகசியங்கள். இன்றோ நிலைமை தலைகீழ். கருவி எளிதிற் கிடைக்கிறது. அதைக் கற்பிக்கும் பாடங்களும் மலிந்து கிடக்கின்றன. அருகிப்போனது ஒன்றே, அதுதான் பொறுமை. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கண் ஓரிடம், கை ஓரிடம்

காகிதத்தில் நன்றாக வரையக்கூடிய மாணவியும் மின்பேனாவை முதன்முதலாக ஏந்தும்போது தடுமாறுகிறாள். திரையில்லாத வரைபலகை மேசைமீது கிடக்கிறது. கை அதன்மேல் ஓடுகிறது. கோடு தோன்றுவதோ எதிரே நிற்கும் திரையில். கையைப் பாராமல் திரையைப் பார்த்து ஒரு வட்டம் வரைந்தால் அது கோழிமுட்டையாய் முடிகிறது. பத்தாண்டுகளாகப் பழகிய கை தன்னைக் கைவிட்டதென்று அவள் மனம் சோர்கிறாள். உண்மையில் கை பழுதுறவில்லை. கண்ணுக்கும் கைக்கும் இடையே புதியதோர் உடன்பாடு ஏற்பட வேண்டும். நாள்தோறும் கோடும் வட்டமும் வரைந்து பழகினால் அது தானே ஏற்படும். வீணை பயில்வோர் சரளி வரிசையைத் திரும்பத் திரும்ப மீட்டுவது போன்றதே இது.

அப்பேனாவின் அமைப்பும் அறியத்தக்கது. பலகையின் அடியிலுள்ள மின்சுருள்கள் மெல்லிய மின்காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. பேனா அதிலிருந்தே தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. ஆதலால் பலவகைப் பேனாக்களுக்கு மின்கலம் தேவையில்லை. அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்தறியும் பேனாக்கள் பரவலாகக் கிடைக்கின்றன. மெல்ல ஊன்றினால் மெல்லிய கோடு. அழுத்தினால் தடித்த கோடு. எனினும் எங்கே ஊன்றுவது, எங்கே தளர்த்துவது என்பதைப் பேனா அறியாது. அது கையின் கல்வி.

அழித்தல் எளிது, முடித்தல் அரிது

அடுத்து வருவது ஓர் இனிய சோதனை. கணினியில் எதனையும் ஒரு விசையால் அழித்து முந்திய நிலைக்குத் திரும்பலாம். காகிதம் கிழியும் அச்சமில்லை. வண்ணம் வீணாகும் கவலையில்லை. ஆயின் இச்சலுகையே தடையாகவும் ஆகிறது. ஒரே கோட்டை நாற்பது முறை வரைந்து நாற்பது முறையும் அழிக்கும் மாணவர் உண்டு. படத்தைப் பன்மடங்கு பெரிதாக்கி ஒரு கண்ணிமையின் மயிரை ஒரு மணிநேரம் திருத்திவிட்டு, பின்னர் முழுப்படத்தை நோக்கினால் முகமே கோணலாக இருப்பதைக் காண்பாரும் உண்டு. வாசலில் கோலமிடும் நம் பெண்டிர்க்கு இத்தொல்லை இல்லை. மாவு விழுந்தது விழுந்ததே என்ற உறுதி அவர்கள் விரல்களில் இருக்கிறது. அவ்வுறுதியைக் கணினி தராது. அதனை மாணவர் வேறிடத்திற் பழகிக்கொண்டு வரவேண்டும். அதனால்தான் நல்லாசிரியர்கள் இன்றும் காகிதமும் பென்சிலும் கொண்டு நாள்தோறும் வரையச் சொல்கின்றனர்.

லேயர் எனப்படும் அடுக்குமுறை மற்றொரு புதுமையாகத் தோன்றும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் கோடும் ஒன்றில் வண்ணமும் ஒன்றில் நிழலும் தீட்டுவது போன்றது அது. ஆயினும் இக்கருத்துப் புதியதன்று. 1894-இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகத்தில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டே திருமகள், கலைமகள் படங்களை ஆக்கினர். நம் பாட்டிமார் பூசையறையில் மாட்டி வைத்த அப்படங்களும் அடுக்குகளால் ஆனவையே.

புள்ளியும் வளைவும்

கணினிப் படங்கள் இருவகை. புள்ளிகளால் ஆனவை ஒருவகை. ஓர் ஏ4 தாளில் தெளிவாக அச்சிடுவதற்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அகலத்தில் 2480, உயரத்தில் 3508, ஆக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். கைப்பேசியில் வந்த சிறிய படத்தைச் சங்க விழாவின் பெரிய பதாகைக்குக் கொடுத்தால் அது மங்கித் தெரிவதன் காரணம் இதுவே. வளைகோடுகளைக் கணக்காகப் பதிந்து வைப்பவை மற்றொரு வகை. இவற்றை எவ்வளவு பெரிதாக்கினும் ஓரம் சிதையாது. 1960-ஆம் ஆண்டுகளை ஒட்டி, பிரான்சு நாட்டில் மோட்டார் வண்டிகளின் உருவை அமைத்த பியர் பெசியே, பால் தெ காஸ்தெல்ஜோ ஆகியோர் வகுத்த கணக்கு இதற்கு அடிப்படை. இரு முனைகளும், வளைவை இழுத்துப்பிடிக்கும் இரு கைப்பிடிகளும் கொண்டு பல்வேறு வளைவுகளை அமைக்கலாம்.

இவ்விடத்தில் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. புள்ளி வைத்து வளைகோடு சுற்றும் நம் கோலத்தைக் கணினி அறிவியலார் அன்றே ஆராய்ந்தனர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும், கோலங்களுக்கு இலக்கண விதிகள் வகுக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974-இல் வெளியிட்டனர். சிக்குக்கோலம் போடத் தெரிந்த பெண்ணொருத்தி வளைகோட்டுக் கருவியைப் பயிலத் தொடங்கும்போது, அவள் வெறுங்கையுடன் தொடங்குவதில்லை. ஒரு வளைவு எங்கே திரும்பினால் அடுத்ததுடன் இசையும் என்பது அவள் விரலறிந்த பாடம்.

வண்ணத்திலும் எழுத்திலும் வேறு சில இடர்கள் உள. திரை ஒளியால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளின் கலவை அது. அச்சோ மையால் ஆனது. நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் அமைவது. திரையில் பளிச்சிட்ட கிளிப்பச்சை, திருமண அழைப்பிதழில் வாடிய இலையாய் வருவது இவ்வேறுபாட்டினால்தான். அச்சுக்குரிய வண்ணமுறையில் மாற்றிப் பார்த்தபின் கொடுத்தால் இவ்வேமாற்றம் நேராது. தமிழ் எழுத்து மற்றோர் இடர். சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில், கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கும். ஆங்கிலமும் மலையாளமும் மட்டும் அறிந்த நண்பர் அப்பிழையைக் கண்டுகொள்ளார். தமிழ் படிக்கத் தெரிந்த மாணவரே கண்டு திருத்த இயலும். தாய்மொழி எழுத்தறிவு ஒரு தொழில்திறனாகவும் பயன்படும் இடம் இது.

பணம் எவ்வளவு?

இனி முதற் கேள்விக்கு வருவோம். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களே கலைத்தொழிலுக்கு இன்றியமையாதவை என்றெண்ணி, பிள்ளை சேருமுன்பே பெருந்தொகை செலவிடுவோர் பலர். அவசரம் வேண்டா. ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கி 1996-இல் வெளியிட்ட கிம்ப், ஓவியத்துக்கென்றே அமைந்த கிரிட்டா, வளைகோட்டுக்குரிய இங்க்ஸ்கேப், முப்பரிமாண உருவங்களுக்குரிய பிளெண்டர் ஆகியவை விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். இவை ஏழைகளின் கருவிகள் என்று இகழத்தக்கவையல்ல. 2025-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற லாத்வியா நாட்டு அசைவுப்படம் ‘ஃப்ளோ’, பிளெண்டரைக் கொண்டே உருவாக்கப்பட்டது.

கேரளத்தில் வாழும் நமக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 2001-இல் இங்கே தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், பின்னர்க் கட்டற்ற மென்பொருள்களையே கைக்கொண்டது. அத்திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் கரமனைக்கு அண்மையில் பூஜப்புரையில்தான் உள்ளது. 2018-இல் தொடங்கப்பெற்ற ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் வாயிலாக உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அசைவுப்படம் ஆக்கவும் பயில்கின்றனர். அன்று ஆறுமுகம் பிள்ளை ஒளிந்து சென்று ஒருவருக்குச் சொன்னதை, இன்று பள்ளிக்கூடம் வெளிப்படையாகப் பலருக்குச் சொல்கிறது. நம் பிள்ளை படிக்கும் பள்ளியில் இக்குழு உண்டா என்று கேட்பதற்குப் பணம் தேவையில்லை.

ஆகவே, முதலாண்டுக்கு ஒரு சாதாரணக் கணினியும், திரையில்லாத சிறிய வரைபலகையும், ஒரு கட்டு வெள்ளைத்தாளும் போதும். திரையோடு கூடிய விலையுயர்ந்த பலகையை, மாணவர் தம் உழைப்பால் அதன் தேவையை மெய்ப்பித்தபின் வாங்கலாம். கல்லூரியில் குறிப்பிட்டதொரு மென்பொருளைக் கேட்டால், மாணவர்க்குரிய சலுகை விலை உண்டா என வினவுக. திருட்டுப் படியை நாடற்க. பிறர் உழைப்பைத் திருடிக்கொண்டு தம் படைப்புக்கு விலை கேட்பது முறையாகுமா?

இயந்திரம் வரைந்தால்?

2022-ஆம் ஆண்டு முதல், சொற்களைக் கொடுத்தால் படத்தை ஈனும் செயற்கை அறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு எட்டியுள்ளன. இதனால் சில சிறு வேலைகள் குறையக்கூடும் என்பதை மறைத்துப் பயனில்லை. ஓவியர்களின் படைப்புகளை அவர்தம் இசைவின்றிப் பயன்படுத்தினர் என்னும் வழக்குகளும் எழுந்துள்ளன. எனினும், வந்த படம் சரியா தவறா என்று கூறவல்ல கண் எவருக்கு உண்டு? விரல்கள் ஆறாக இருப்பதையும், விளக்கின் நிழல் மாறி விழுவதையும், கும்பத்தின்மேல் மாவிலை தலைகீழாய் நிற்பதையும் கண்டு சொல்ல வரையக் கற்றவரே வேண்டும். கல்வியின் பயன் கோடு இழுப்பது மட்டுமன்று. பார்க்கத் தெரிவதும் ஆகும்.

பிழைப்பைப் பற்றி உறுதிமொழி கூற எவராலும் இயலாது. மருத்துவம், பொறியியல் கற்றவர்க்கும் அஃதே நிலை. ஆயினும் வழிகள் உள. இந்நகரிலேயே பாளையத்தில் அரசு நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. 1988-இல் நிறுவப்பெற்ற சி-டிட் நிறுவனம் திருவல்லத்தில் உள்ளது. கொல்லத்தில் 2008-இல் தோன்றிய மாநில வடிவமைப்புக் கல்விநிலையம் உண்டு. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961 முதல் இயங்குகிறது. டெக்னோபார்க்கில் வளர்ந்த டூன்ஸ் நிறுவனம், தெனாலிராமன் கதைகளை அசைவுப்படத் தொடராக ஆக்கி இந்நகரின் பெயரைப் பரப்பியது. இவற்றுள் நுழைய விரும்புவோர், நுழைவுத்தேர்வுகளில் கையால் வரையும் திறனும் சோதிக்கப்படுவதை மறவாதிருப்பாராக.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை திரைமுன் அமர்ந்திருப்பதெல்லாம் விளையாட்டென்று கடியாதீர்கள். திரைமுன் அமர்ந்திருப்பதெல்லாம் படிப்பென்று நம்பிவிடவும் வேண்டா. வாரம் ஒருமுறை அருகில் அமர்ந்து, “இந்த வாரம் எதை முடித்தாய்? காட்டு” என்று கேளுங்கள். தொடங்கியதை அல்ல, முடித்ததைக் கேளுங்கள். இடையிடையே எழுந்து கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வு தரச் சொல்லுங்கள். வீட்டில் கோலமிடும் பாட்டி இருப்பின், அவரிடமும் அரைமணி நேரம் பாடம் கேட்கச் சொல்லுங்கள். பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்குத் தரவல்ல சீதனங்களுள் அதுவும் ஒன்று. கருவிகள் இன்னும் பல வரும், பல போகும். பழகிய கையும் பார்க்கத் தெரிந்த கண்ணும் அவர்களோடு நிலைத்திருக்கும்.